கழுத்துக்கு வந்தது இடுப்போடு போனது

வளைந்த முதுகை நிமிர்த்துவதில் தமிழனை மிஞ்ச ஆளில்லை. மதுரையில் கூன் பாண்டியனுக்குச் சுரம் கண்டது. திருஞானசம்பந்தர் திருநீறு பூசிச் சுரத்தைப் போக்கினார், அப்புறம் ஒரு பதிகம் பாடினார், கூனும் போய் ராஜா நின்றசீர் நெடுமாறன் ஆகிவிட்டார். எக்ஸ்ரே இல்லை, மயக்க ஊசி இல்லை, டிஸ்சார்ஜ் சம்மரி இல்லை. கட்டணமாக மதத்தை மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

தேரையர் கதை இன்னும் ருசி. கூன் விழுந்த ராஜாவுக்காக அகத்தியர் அடுப்பில் மருந்தை ஏற்றிவிட்டு எங்கோ போய்விட்டார். சீடன் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான். சட்டியிலிருந்து எழும்பிய ஆவி பட்டுக் கூரையில் கோணலாகக் கிடந்த மூங்கில் கழி நிமிர்கிறது. மூங்கிலே நிமிரும்போது ராஜா நிமிர மாட்டாரா என்று சட்டியை இறக்கி வைத்துவிட்டான். மருந்துச் சோதனை என்று பார்த்தால் அதில் கலந்துகொண்டது ஒரே ஒரு மூங்கில். அதுவும் ஒப்புதல் கையெழுத்துப் போடவில்லை.

கிரேக்க நோயாளிக்கு இந்தச் சொகுசெல்லாம் கிடைக்கவில்லை. அங்கே முதுகு கோணியவனை ஏணியில் வைத்துக் கட்டி, ஏணியை ஏதாவது கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றி, அங்கிருந்து ‘தொம்’மென்று கீழே விடுவார்கள். கோணல் கீழ் முதுகில் என்றால் தலைகீழாகவும் தொங்கவிடுவார்கள். திருச்சி பாலக்கரையில் செய்வதாக இருந்தால் உலக மீட்பர் பசிலிக்காவின் கோபுரம் வசதியாக இருந்திருக்கும், கூட்டத்துக்கும் குறைவிருக்காது. இந்த வைத்தியத்தை எழுதி வைத்த ஹிப்போகிரட்டீஸே, இதனால் ஒருத்தன் முதுகும் நிமிர்ந்ததில்லை, கூட்டத்தை வாய்பிளக்க வைக்க விரும்புகிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள் என்று அலுத்துக்கொள்கிறார். அலுத்துக்கொண்ட கையோடு எந்தக் கயிற்றை எங்கே கட்டுவது என்று விவரமாக எழுதியும் வைத்திருக்கிறார். சங்கத்து ஆளை விட்டுக்கொடுக்க முடியுமா?

நம் பக்கத்தில் ஆஸ்பத்திரி என்பது கோயிலோடு ஒட்டியே இருந்தது. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் ஆரோக்கியசாலை இருந்தது, படையெடுப்பில் அது அழிந்தது, கருடவாகன பட்டர் என்பவர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தார் என்று 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அரங்கனுக்கே நாவல்பழமும் தயிர்சாதமும் சேர்ந்து உடம்புக்கு ஆகாமல் போய், ராமானுஜர் கஷாயம் கொடுக்க ஏற்பாடு செய்தார் என்று கதை. பெருமாளே பத்தியம் இருந்த ஊர் இது. நாம் மாத்திரையை வேளை தவறிப் போடுகிறோம்.

ஆனால் வெட்டு வைத்தியருக்கு என்ன மரியாதை இருந்தது என்று தெரிய வேண்டுமானால் காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலுக்குப் போக வேண்டும். அங்கே 11-ஆம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், 15 படுக்கையோடு ஓர் ஆதுலசாலை. சம்பளப் பட்டியலையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை, அதாவது ஆபரேஷன், செய்கிறவருக்கு 30 கலம் நெல். மூன்றில் ஒரு பங்கு! இன்றைய எலும்பு சர்ஜன் யாராவது அந்தக் கல்வெட்டைப் பார்த்தால் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த 30 கலக்காரருக்கு எலும்பை எடுத்து எலும்பில் ஒட்டும் யோசனை வந்ததாகத் தகவல் இல்லை. அந்தப் புகழ் ஒரு நாய்க்குப் போனது. 1668-இல் வெளியான புத்தகத்தில் யோப் வான் மேகரென் என்ற டச்சு வைத்தியர் ஒரு சேதி சொல்கிறார். ரஷ்யப் பிரபு ஒருவருக்கு வாள் வெட்டில் மண்டையோட்டில் துண்டு போய்விட்டது. சர்ஜன் ஒரு நாயின் மண்டையோட்டிலிருந்து துண்டெடுத்து அந்த இடத்தில் பொருத்தினார், புண்ணும் ஆறிவிட்டது. விஷயம் திருச்சபை காதுக்குப் போனது. கிறிஸ்தவன் தலையில் நாய் எலும்பா என்று ஆளைச் சபையிலிருந்து விலக்கிவிட்டார்கள். பிரபு திரும்ப வந்து, “ஐயா, அதை எடுத்துவிடுங்கள், நான் கோயிலுக்குப் போகணும்” என்றார். எடுக்க முடியவில்லை, எலும்பு பிடித்துவிட்டது. மேகரென் இதை நேரில் பார்க்கவில்லை, காதுவழி கேட்டதுதான். ஆனாலும் எலும்பு ஒட்டு சரித்திரம் எழுதுகிற யாரும் அந்த நாயை விடுவதில்லை. அன்றைக்கு ஒட்டு வெற்றி, நோயாளி குணம், குடும்பத்துக்குத்தான் அவமானம்.

நம்மூரில் எலும்பு முறிந்தால் புத்தூர். இதில் திருச்சிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை எல்லாம் வைத்துக் கட்டுப் போடுகிற புத்தூர் இருப்பது ஆந்திராவில்; மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிற புத்தூர் இருப்பது பாலக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில். “புத்தூருக்குக் கொண்டு போ” என்று பெரியவர் யாராவது சொன்னால் ஆட்டோ பிடிப்பதா, ராத்திரி பஸ்ஸா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கை காலுக்கு ஆந்திரப் புத்தூர் சரி என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றும் தெருவுக்கு நாலு பேர் உண்டு. கழுத்துக்கு அந்தக் கட்டு போட முடியாது. போட்டால் எலும்பு கூடும், மூச்சு நிற்கும்.

கழுத்து எலும்பை உள்ளே போய்க் கட்டலாம் என்று துணிந்தவர் பெர்த்தோல்ட் ஹாட்ரா. 1891, டெக்சாஸ். முறிந்து நழுவிய கழுத்துக் கணுக்களின் பின்முனைகளைச் சேர்த்து வெள்ளிக் கம்பியால் சுற்றிக் கட்டினார். வெள்ளி என்றதும் நம் வீட்டுப் பெண்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், அதை நான் எழுதப் போவதில்லை. காசநோய் அரித்த முதுகுக்கும் இதையே செய்யலாம் என்று ஹாட்ரா யோசனை சொன்னார். கம்பி நல்ல கம்பிதான். ஆனால் எலும்போடு எலும்பு பிடிக்காதவரை கம்பி என்றைக்காவது தளரும் அல்லது அறும். அந்த ஞானம் வர இன்னும் 20 வருஷம் ஆயிற்று.

1911-இல் ஒரே ஊரில், நியூயார்க்கில், இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் ஞானம் பிறந்தது. ரசல் ஹிப்ஸ், முதுகெலும்பின் பின்பக்கத்தையே சில்லு சில்லாகப் பெயர்த்து ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஒட்டவிட்டார். ஃப்ரெட் ஆல்பி, காலின் முன்னெலும்பிலிருந்து ஒரு நீளப் பட்டையை அறுத்தெடுத்து முதுகில் பதித்தார். ஆல்பி சின்ன வயசில் தாத்தாவிடம் மரம் ஒட்டக் கற்றவர். மாங்கன்று ஒட்டுகிறவனுக்குத் தெரிந்ததுதான்: இரண்டு பக்கத்துப் பச்சையும் தொட வேண்டும், ஆடக் கூடாது, பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆல்பி இதில் மின்சார ரம்பத்தைச் சேர்த்தார். காலெலும்பை மரப்பட்டறை மாதிரி அளவு பார்த்து அறுத்தார். முதல் உலகப் போர் வந்து அவருக்கு வேலையை அள்ளிக் கொடுத்தது.

இருவரும் அறுத்தது பெரும்பாலும் காசநோய் முதுகுகளை. அந்தக் காலத்து முதுகுக் காசநோயாளியின் வாழ்க்கை, மாவுக்கட்டுத் தொட்டிலில் மல்லாந்து கிடப்பது. மாதக்கணக்கில். சிலர் வருஷக்கணக்கில். உத்தரத்தில் பல்லி முட்டையிட்டுப் பேரன் எடுப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. பிறகு ஹாங்காங்கில் ஹாட்சனும் ஸ்டாக்கும் 1956-இல் புது வழி காட்டினார்கள்: பின்னாலிருந்து எதற்கு, நெஞ்சு வழியாக முன்னால் போய், அழுகியதைச் சுரண்டி எடுத்து, காலி இடத்தில் விலா எலும்பையோ இடுப்பெலும்பையோ முட்டுக் கொடு. ‘ஹாங்காங் ஆபரேஷன்’ என்று பெயரே வந்துவிட்டது. உலகம் முழுக்க சர்ஜன்கள் கத்தியைத் தீட்டினார்கள்.

அப்போதுதான் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு வேண்டாத கேள்வியைக் கேட்டது. இதெல்லாம் தேவையா?

கேட்டதோடு விடாமல் கொரியாவில் நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். மாசானில் ஒரு கூட்டத்தை ஆறு மாதம் படுக்கவைத்தார்கள், இன்னொரு கூட்டத்தை மருந்து கொடுத்து நடக்கவிட்டார்கள். வித்தியாசம் இல்லை. பூசானில் பாதிப் பேருக்கு ஒன்பது மாதம் மாவுக்கட்டுச் சட்டை, மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. அங்கேயும் வித்தியாசம் இல்லை. அத்தனை தலைமுறை மாவுக்கட்டும் பல்லி பார்த்ததும் வீண். இந்த மாதிரி வயிற்றெரிச்சல் முடிவுகளுக்கு மெட்ராஸ் ஏற்கெனவே பேர் போனது. சேத்துப்பட்டு காசநோய் மையத்தில் 1950-களின் கடைசியில், நுரையீரல் காசநோய்க்கு மலைக்காற்று சானடோரியமும் வேண்டாம், முட்டையும் பாலும் வேண்டாம், ஓட்டு வீட்டில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்டால் போதும் என்று காட்டி உலகத்தையே திகைக்க வைத்தார்கள்.

அதே மெட்ராஸில் முதுகையும் பரீட்சித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஹாங்காங் பாணி ஆபரேஷன், எலும்பு ஒட்டு, கூடவே மருந்து. மற்றவர்களுக்கு வெறும் மருந்து, நடமாடிக்கொண்டே. பத்து வருஷம் விடாமல் தொடர்ந்து பார்த்து 1999-இல் முடிவைச் சொன்னார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு திரிந்தவர்களும் ஆபரேஷன்காரர்கள் அளவுக்குத் தேறியிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கூன் ஏறிக்கொண்டே போனது என்ற குறை உண்மை. அதற்காகத்தான் மெட்ராஸ் டாக்டர்கள் ராஜசேகரனும் டி.கே. சண்முகசுந்தரமும் 1987-இல் ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள்: ஆரம்பத்தில் எவ்வளவு எலும்பு கரைந்திருக்கிறது என்று அளந்தால் கடைசியில் எத்தனை டிகிரி கூன் விழும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வைத்தீஸ்வரன்கோயில் நாடி ஜோசியர்கள் இதைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்று தெரியவில்லை.

இன்னொரு கசப்பும் அதில் உண்டு. ஒட்டு வைத்தவர்களை மட்டும் எடுத்து ராஜசேகரன் 1989-இல் ஆராய்ந்தபோது பாதிக்கும் மேலான ஒட்டுகள் நழுவியோ, ஒடிந்தோ, கரைந்தோ, கீழே இறங்கியோ சொதப்பியிருந்தன. நீளமான ஒட்டாக இருந்தால் சொதப்பலும் அதிகம். ஒட்ட வைத்த எலும்பு உயிரற்ற முட்டு. கட்டடத்துக்கு சென்ட்ரிங் அடிக்கிற மாதிரி. தளம் இறுகும்வரை தாங்கினால் போதும். உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தன் சொந்த எலும்பை அங்கே கட்டிக்கொள்ளும். கட்டி முடிப்பதற்குள் முட்டுச் சரிந்தால் தளமும் சரியும். இதெல்லாம் நெஞ்சு, இடுப்பு முதுகுக் கணக்கு. ஆனால் கழுத்து சர்ஜன்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். துண்டு குட்டையாக இருக்க வேண்டும். தகடும் திருகாணியும் காவலுக்கு நிற்க வேண்டும்.

கழுத்துக்கு வருவோம். மனிதனுக்குக் கழுத்தில் ஏழு கணு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். அதில் அஞ்சும் ஆறும், ஆறும் ஏழும் சேருகிற இடத்தில் தேய்மானம் அதிகம். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டையைத் தலையில் சுமந்தவருக்கும் வரும், நாள் முழுக்க ஃபோனைக் குனிந்து பார்க்கிற அவருடைய பேரனுக்கும் வரலாம். வட்டு பிதுங்கி நரம்பை அமுக்கினால் கை மரக்கும். தண்டுவடத்தையே அமுக்கினால் சட்டைப் பொத்தான் போட வராது, சாதம் பிசையும்போது விரல் தடுமாறும், வேட்டி முடிச்சு நிற்காது. கடைசியில் சொன்னது வந்தால்தான் நம் ஆண்கள் டாக்டரிடம் போகிறார்கள்.

1955-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ராபின்சனும் ஸ்மித்தும், பிடரியை விட்டுவிட்டுத் தொண்டை வழியாக உள்ளே போனார்கள். ஒரு பக்கம் பெரிய ரத்தக்குழாய், மறுபக்கம் மூச்சுக்குழலும் உணவுக்குழலும். நடுவில் ஒரு சந்து. அதில் நுழைந்தால் நேராக எலும்பு. வட்டை எடுத்துவிட்டு அங்கே இடுப்பெலும்பு விளிம்பிலிருந்து லாட வடிவில் வெட்டிய துண்டைச் செருகினார்கள். 1958-இல் ஹொனலூலுவில் ரால்ஃப் க்ளோவர்ட் கழுத்தில் வட்டமாகத் துளை போட்டு, இடுப்பிலிருந்து உருளையாக எடுத்த எலும்பை அதில் அடித்து இறக்கினார். பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தபோது நாள்கணக்கில் மண்டைகளைத் திறந்துகொண்டிருந்த மனிதர். ஒரு கழுத்தைத் துளைக்கவா தயங்கப் போகிறார்?

எல்லாம் சரி. இடுப்பிலிருந்து எடுத்த துண்டுக்குப் பின்னால் இடுப்பு ஒன்று இருக்கிறதே, அதை யாரும் கேட்கவில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்கிற வழக்கமான காட்சி இது. மருமகள் வீட்டார் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள்.

“என்ன மாமா, கழுத்துல ஆபரேஷன்னாங்க, நீங்க இடுப்பப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?”

“கழுத்து நல்லாருக்கும்மா. கைமரப்பு கூட அன்னைக்கே போயிருச்சி. இந்த இடுப்புதான் எந்திரிக்க விடமாட்டேங்குது.”

“இடுப்புல என்ன மாமா பண்ணாங்க?”

“அங்கேருந்து கொஞ்சம் எடுத்து இங்க வச்சிருக்காங்கம்மா.”

“அத நல்லா இருந்த எடத்துலேருந்தா எடுப்பாங்க?”

மருத்துவ சஞ்சிகைகள் பல வருஷம் சுற்றி வளைத்துக் கேட்டதை அந்தப் பெண் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள். எலும்பு எடுத்த இடம் வாரக்கணக்கில் வலிக்கும். சிலருக்குத் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப் போவதும் உண்டு. கழுத்துக்கு வந்தது இடுப்போடு போனது என்று திருப்திப்படுகிற நோயாளி ஞானி. மற்றவர்கள் டாக்டரைத் திட்டுவார்கள்.

இடுப்பைக் காப்பாற்றியது குதிரை. வாஷிங்டன் மாநிலத்தில் ஜார்ஜ் பாக்பி என்ற எலும்பு டாக்டர், கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்பட்டுத் தள்ளாடுகிற குதிரைகளுக்கு, ஓட்டை போட்ட எஃகு உருளையில் அங்கேயே கிடைத்த எலும்புத் தூளை அடைத்து வைத்துக் கழுத்தை ஒட்டவைத்தார். குதிரையின் இடுப்பைத் தனியாக அறுக்க வேண்டியதில்லை. ‘பாக்பி கூடை’ என்று பேர். மனிதனுக்கு வைக்கிற கூண்டுகள் அந்த வம்சம். 1977-இல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்த சியாட்டில் ஸ்லூ என்ற குதிரைக்கு 2000-இலும் 2002-இலும் கழுத்தில் இந்த ஆபரேஷன் நடந்தது. ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் நூற்றாண்டுக் கணக்கில் முன்காலைத் தூக்கிக்கொண்டு கழுத்தை விறைத்து நிற்கிற குதிரைகளை இனி கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள். அவற்றின் சாதிசனத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அவசரக்காரர்களுக்கு இதுவும் போதவில்லை. 1965-இல் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயே புது எலும்பு முளைக்கிறது என்று காட்டினார். அந்த வேலையைச் செய்கிற புரதத்தைப் பிற்காலத்தில் கம்பெனிகள் தயாரித்து விற்றன. 2002-இல் அமெரிக்கா கீழ் முதுகுக்கு அனுமதி கொடுத்தது. கீழே முளைப்பது மேலே முளைக்காதா என்று சிலர் கழுத்திலும் வைத்தார்கள். முளைத்ததோ இல்லையோ, தொண்டை வீங்கியது. மூச்சுக்குழல் நெருங்குகிற அளவுக்கு வீங்கியதால் 2008-இல் எச்சரிக்கை விட வேண்டி வந்தது.

நாம் துவையலோடு நிற்கிறோம். பிரண்டையை நார் உரித்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, வதக்கி, புளி சேர்த்து அரைத்தால் பெரியவர்கள் ‘எலும்பு கூடும்’ என்பார்கள். காசி இந்து பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாதும் 1960-களில் இதைப் பரிசோதித்து எலும்பு சீக்கிரம் கூடுவதாக எழுதினார்கள். சோதனைக்கு எலிகள், மூங்கில் அல்ல. புளி குறைந்தால் நாக்கு அரிக்கும். ஆபரேஷன் தொண்டை வழியாக நடந்தால் முதல் சில வாரம் விழுங்கக் கஷ்டமாக இருக்கும், சிலருக்குக் குரலும் கம்மும். ஆகவே துவையலைக் குழைந்த ரசம் சாதத்துக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பாகவதர்கள் தாங்கள் பாடுகிறவர்கள் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் சொல்லிவிடுவது நல்லது. குரல் நரம்பு பக்கத்திலேயேதான் ஓடுகிறது.

புகைக்கு மன்னிப்பே கிடையாது. நிக்கோடின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கி ஒட்டைக் கெடுக்கிறது. திருச்சி சுருட்டின் சாம்பலைப் பார்த்தே ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் நாவலில் கொலைகாரனைப் பற்றித் துப்புச் சொன்னார். சர்ஜனுக்குச் சாம்பல்கூட வேண்டாம், ஆறாம் மாத எக்ஸ்ரேயில் இடைவெளி கறுப்பாகவே இருந்தால் “தம்பி, எத்தனை?” என்றுதான் முதலில் கேட்பார். உறையூரில் சுருட்டு உருட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இதற்குக் கோபிக்கக் கூடாது.

மிச்சம் இருப்பது காலர். ஒரே மட்டத்தில் ஆபரேஷன், தகடும் போட்டாயிற்று என்றால் காலரே வேண்டாம் என்கிற டாக்டர்கள் இப்போது நிறைய. ஆனால் காலர் இல்லாமல் வீட்டுக்கு வந்தால் ஆபரேஷன் நடந்ததாகவே சொந்தக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. விபத்து நஷ்டஈட்டு வழக்கு நடத்துகிறவர்களும் காலரின் ரசிகர்கள். பாலக்கரை ரவுண்டானாவில் சிவாஜி சிலை வருஷக்கணக்கில் துணி போர்த்தி நின்றதைப் பார்த்த ஊர் இது. ஆறு வாரக் காலரெல்லாம் ஒரு காலமா என்று தாங்கிக்கொள்வார்கள். எலும்பு நன்றாகப் பிடிக்க மூன்று மாதத்திலிருந்து ஒரு வருஷம்வரை ஆகும். அதுவரை கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம், பேரன், எதையும் தூக்கக் கூடாது. நடக்கலாம், நடப்பதுதான் நல்லது.

கடைசிச் சந்தேகம் எல்லாருக்கும் ஒன்றுதான். “டாக்டர், கழுத்தை ஒட்டிப்புட்டீங்க, நான் பாலக்கரை ரவுண்டானாவுல ஸ்கூட்டர் ஓட்டணுமே, திரும்பிப் பாக்க முடியுமா?”

முடியும். தலையைத் திருப்புவதில் பாதி வேலையை உச்சியில் இருக்கிற முதல் இரண்டு கணுக்களே செய்துவிடுகின்றன. ஒட்டியது அஞ்சையும் ஆறையும். டாக்டர் இதைப் படம் போட்டு விளக்கிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார்.

“உங்க கழுத்து திரும்பும் அண்ணே. அங்க எதிர்ல வர்றவன் எவனும் திரும்பிப் பாக்குறதில்லையே, அதுக்கு நான் என்ன ஆபரேஷன் பண்றது?”